பொருந்தல் மணிகளும் நிறத்தின் சாட்சியமும்

திண்டுக்கல் ஜில்லாவில், பழனிக்குத் தென்மேற்கேயுள்ள பொருந்தலில் 2009, 2010-ஆம் ஆண்டுகளில் பேராசிரியர் கா. ராஜன் நடத்திய அகழ்வில் ஆயிரக்கணக்கான மணிகள் வெளிப்பட்டன. அவற்றுட் கண்ணாடி மணிகள் ஏராளம். இதுகேட்டு முகஞ்சுளிக்கும் அன்பர் சிலர் உளர். பச்சை நிறங்கண்டால் மரகதமென்றே தீர்ப்பளிக்கவேண்டும் அவர்களுக்கு! மணலை உருக்கி மணியாக்கியது இழிவாமோ? நிறத்தின் சாட்சியத்தை நாம் ஏற்பதற்கில்லை. படிகத்துக்குச் சாயமேற்றிப் பெரில் கல்லாகக் காட்டும் வித்தை இந்தியருக்குத் தெரியுமென்று ரோமானியரான பிளினி முதல் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தார். பெரிலுக்குள் ஒளி இரு கதிராய்ப் பிரியும், கண்ணாடியில் பிரியாது, பூதக்கண்ணாடி கொண்டு நோக்கின் அதன் நுண்குமிழ்களும் தோன்றக்கூடும். மணியைச் சிறிதும் உடைக்காமல் இனமறிய, 1928-இல் நம் ஸர் சி. வி. ராமன் கண்ட ஒளிச்சிதறலே உதவுகிறது. காட்சிசாலைச் சீட்டில் மணியின் பெயரோடு, அப்பெயர் எந்தச் சோதனையால் துணியப்பட்டதென்பதும் எழுதப்படவேண்டுமெனக் கோருகிறோம்.