தூரம் மிகுந்தும் நேரம் குறைந்தது எங்ஙனம்?

புது டில்லி, லக்ஷ்மிபாய் நகரில் டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளியொன்று உள்ளது. அதற்குச் சற்றுத் தொலைவில் சப்தர்ஜங் விமான நிலையமும் வானிலை நோக்கு நிலையமும் இருக்கின்றன. அப்பள்ளியின் மாணவன் ஒருவன் உலக உருண்டையின்மீது டில்லிக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால், அது வட துருவத்தின் அருகே செல்வதைக் காண்பான். அதுவே மிகக் குறுகிய வழி. சுமார் 12,400 கிலோமீட்டர். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பதினான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம் என்று அவன் கணக்கிடுவான். கணக்கில் பிழையில்லை, ஆனால் காற்று அதில் இடம் பெறவில்லை.

ஏர் இந்தியா விமானம் முதலில் மேற்கே அட்லாண்டிக் மாகடலைக் கடந்து ஏறத்தாழ 13,900 கிலோமீட்டர் பறந்து அந்நகரை அடைந்தது. 2016 அக்டோபரில் கிழக்கே பசிபிக் வழியாகச் சென்றது. தூரம் 15,300 கிலோமீட்டராக உயர்ந்தது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்து, பதினான்கரை மணியளவாயிற்று.

ஆற்று நீரோட்டத்தோடு செல்லும் பரிசலை நினைத்துக்கொண்டால் இது விளங்கும். விமானத்தின் வேகம் அதைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்தது. காற்றே நகரும்போது, தரையைப் பொறுத்த வேகம் மாறிவிடும். கிழக்கு வழியில் சராசரியாக 120 கிலோமீட்டர் பின்காற்று வாய்த்தால், 900 என்பது 1,020 ஆகும். 15,300 கிலோமீட்டருக்குப் பதினைந்து மணி போதும். மேற்கு வழியில் 20 கிலோமீட்டர் எதிர்காற்று இருந்தாலே, 13,900 கிலோமீட்டருக்கு அதைவிட முக்கால் மணிக்கு மேல் கூடுதலாகும்.

பூமி சுழல்வதால் விமானத்தின் கீழ் நகரம் நகர்ந்து வந்துவிடுகிறது என்று சிலர் விளக்குவதுண்டு. இது தவறு. வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. வெப்ப மண்டலத்திலிருந்து துருவங்களை நோக்கிச் செல்லும் காற்றைச் சுழற்சி கிழக்கே திருப்புகிறது என்பது மட்டுமே உண்மை. 9 முதல் 12 கிலோமீட்டர் வரையிலான உயரத்தில் குறுகிய பட்டையாக விரையும் இக்காற்றை ஜெட் காற்றோட்டம் என்பர். ஜப்பானில் தடேனோ நோக்கு நிலையத்தில் வாசாபுரோ ஓய்ஷி என்பவர் பலூன்களைப் பறக்கவிட்டு இதனை அளந்தார். 1926இல் தம் முடிவுகளை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார், படித்தவர் சிலரே!

இக்காற்று குளிர்காலத்தில் வலுத்து வட இந்தியாவின்மேல் நிலவும். பருவமழைக் காலத்தில் இமயத்துக்கு வடக்கே விலகும். ஆகவே ஒரே வழியில் செல்லும் விமானத்துக்கும் பருவந்தோறும் நேரம் வேறுபடும். பசிபிக் கடலின்மேல் இறங்குமிடங்கள் அரிது. எதிர்பார்த்த பின்காற்று கிட்டாவிடில், எரிபொருள் கணக்கு நெருக்கடியாகிவிடும். அதிகாலையிலும் மாலையிலும் கருவி கட்டிய பலூனைப் பறக்கவிடும் நோக்காளரின் எண்களை இத்தகைய கணக்குகள் நம்பியிருக்கின்றன.

ஆசிரியர்கள் ஒரு கணக்குத் தரலாம். கோடைக்காலத்தில் டில்லியில் காலை 4 மணிக்குப் புறப்பட்டு, பதினான்கரை மணி பறந்த விமானம் சான் பிரான்சிஸ்கோவில் அதே தேதி காலை 6 மணிக்கு இறங்குகிறது. இரு நகரங்களின் கடிகாரங்களுக்கும் இடையே வேறுபாடு எவ்வளவு?