வேர் தேடும் கணிப்பொறிப் பலகை

பீகிள்போன், ராஸ்பெரி பை முதலிய கையடக்கக் கணிப்பொறிப் பலகைகளை மாணவர் பலர் பார்த்திருக்கலாம். இவற்றில் லினக்ஸ் இயங்க அதன் உட்கருவாகிய கர்னல் மட்டும் போதாது. நிரல்கள், நூலகக் கோப்புகள், அமைப்புக் குறிப்புகள் யாவும் அடங்கிய வேர்க் கோப்பமைப்பும் வேண்டும். வழக்கமாக அது நினைவக அட்டையில் இருக்கும். நிரலில் ஓரெழுத்தை மாற்றினாலும் அட்டையைக் கழற்றி, எழுதி, மீண்டும் செருக வேண்டும். இதில் அலுத்தவர்கள் வேரை வேறொரு கணிப்பொறியின் வட்டில் வைத்து, வலைக்கம்பி வழியே பலகைக்கு அளிக்கிறார்கள். அந்தக் கணிப்பொறியை வழங்கி என்போம். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய என்.எஃப்.எஸ். என்னும் முறையே இதற்குப் பயன்படுகிறது.

எல்லாம் சரியாக இருந்தால் இதைவிட வசதியான ஏற்பாடு இல்லை. சரியாக இல்லாவிட்டாலோ, வேர்க் கோப்பமைப்பைப் பொருத்த இயலவில்லை என்று ஒரு வரியைத் திரையில் காட்டிவிட்டுப் பலகை நின்றுவிடும். எந்தக் குறையானாலும் ஏறக்குறைய அதே வரிதான்! ஆகவே அதை மட்டும் படித்துப் பயனில்லை. பலகை அனுப்பிய வேண்டுகோள் வழங்கியை வந்தடைந்ததா என்பதையே முதலில் அறிய வேண்டும். வழங்கியில் டிசிபிடம்ப் என்ற நிரலை ஓடவிட்டால், வந்துபோகும் தகவல் பொட்டலங்களைக் கண்ணால் காணலாம்.

ஒரு பொட்டலமும் வரவில்லை என்று கொள்வோம். "இதே கம்பி வழியாகத்தானே கர்னல் வந்து இறங்கியது? பிறகு வலையில் என்ன குறை இருக்க முடியும்?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கர்னலைக் கொண்டுவந்தது யு-பூட் போன்ற தொடக்க நிரல். அதன் வலை இயக்கியும் அது பெற்ற முகவரியும் அதனோடு போயின. கர்னல் தன் சொந்த இயக்கியைக் கொண்டு, புதிதாக ஒரு முகவரி பெற்றாக வேண்டும். அவ்வியக்கியைக் கர்னலுக்குள் சேர்க்காமல் தனி மாட்யூலாக வைத்திருந்தால், அது வேர்க் கோப்பமைப்பில் கிடக்கும். வேரை அடைய இயக்கி வேண்டும். இயக்கியை எடுக்க வேர் வேண்டும். பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டிய கதைதான். இயக்கியைக் கர்னலோடு இணைத்துத் தொகுப்பதே எளிய வழி. தொடக்கக் கட்டளை வரியில் முகவரி பெறும் முறையைக் குறிப்பிட மறந்தாலும் இதே விளைவுதான். இந்தக் கட்டுரையாளர் ஒரு பிற்பகல் முழுவதும் வழங்கியின் அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார். குறையோ பலகையில் இருந்தது.

வேண்டுகோள் வந்து, வழங்கி மறுத்தால் கதை வேறு. பழைய கர்னல்கள் வேரைத் தேடும்போது, நாம் ஒன்றும் சொல்லாவிட்டால், என்.எஃப்.எஸ். இரண்டாம் பதிப்பை யு.டி.பி. முறையில் கேட்கும். இன்றைய வழங்கிகள் பலவற்றில் அவ்விரண்டும் நிறுத்தப்பட்டுள்ளன. 1995-இல் வெளியான மூன்றாம் பதிப்பையும் டி.சி.பி. முறையையும் கட்டளை வரியில் எழுதிவிட்டால் பெரும்பாலும் தீரும். வழங்கியின் தீயரண் வழிமறிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வேர் பொருந்திய பிறகும் சில நிரல்களுக்கு அனுமதி மறுக்கப்படலாம். வெளியிலிருந்து வரும் தலைமைப் பயனரை வழங்கி நம்பாமல், உரிமையற்ற சாதாரணப் பயனராகக் குறைத்துவிடுவது இயல்பு. நோ ரூட் ஸ்குவாஷ் என்ற விருப்பம் இதைத் தடுக்கும். ஆனால் ஆய்வக வலைக்கு வெளியே அதைத் திறந்துவைப்பது ஆபத்து.

இவையெல்லாம் தாண்டி, பலகை அரைகுறையாக எழுந்து, பின் உறைந்து போவதும் உண்டு. வழங்கி பதிலளிக்கவில்லை, இன்னும் முயல்கிறேன் என்ற செய்தி திரையில் வரும். கம்பியை ஆட்டிப் பார்ப்பது வீண். பலகையில் எழுந்த லினக்ஸ், தன் வழக்கப்படி வலையமைப்பைப் புதிதாக அமைக்க முனைந்து, இருக்கும் முகவரியை முதலில் நீக்கியிருக்கும். நுனிக்கிளையில் அமர்ந்து அடிக்கிளையை வெட்டுவது இதுவே. முகவரியைத் திரும்பக் கொடுக்க வேண்டிய நிரலும் வலைக்கு அப்பால் அல்லவா இருக்கிறது! வேர்க் கோப்பமைப்பு வழங்கியின் வட்டில் இருப்பதால், திருத்துவதும் அங்கேயே முடியும். அந்த வலை இடைமுகத்தைத் தொடக் கூடாது என்று வலையமைப்புக் குறிப்புக் கோப்பில் எழுதிவிட்டுப் பலகைக்கு மின்சாரத்தை மீண்டும் கொடுத்தால், அது நிற்காமல் எழும்.