சட்டம் கேட்காமல் விட்ட கேள்வி

கருக்கலைப்பு சரியா, தவறா என்ற விவாதத்துக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. வயிற்றில் வளர்வதை எந்த நாளிலிருந்து ஓர் ஆளாகக் கருதுவது? ஆள்தான் என்றே ஒப்புக்கொண்டாலும், ஒரு பெண் தன் உடலை ஒன்பது மாதம் அதற்குக் கொடுத்தே தீர வேண்டுமா? ஒருவர் முதல் கேள்வியில் நின்று பேச, எதிரில் இருப்பவர் இரண்டாவதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். வாக்குவாதம் விடியும்வரை முடியாது. அமெரிக்காவில் 1973இல் ரோ எதிர் வேட் தீர்ப்பு தந்த கருக்கலைப்பு உரிமையை அதே உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் பறித்துக்கொண்டது இந்த இழுபறியின் ஒரு கட்டம். இந்தியச் சட்டமோ இரண்டு கேள்விகளையும் கேட்காமலேயே தாண்டிப்போனது.

முதல் கேள்விக்குப் பழைய காலத்தவர் நாள் குறித்து விடை சொன்னார்கள். ஆண் கரு 40ஆம் நாளிலும் பெண் கரு 90ஆம் நாளிலும் வடிவம் பெறுவதாக அரிஸ்டாட்டில் எழுதினார். பெண்ணுக்கு ஏன் ஐம்பது நாள் கூடுதல் என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை கருக்கலைப்பை எக்காலத்திலும் பாவமாகவே பார்த்தது. ஆனால் ஆன்மா பெற்ற கரு, பெறாத கரு என்று தண்டனையில் ஒரு வேறுபாட்டை நெடுங்காலம் வைத்திருந்தது. 1869இல் போப் ஒன்பதாம் பயஸ் அதை நீக்கினார். இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் பலர் 120 நாளில் உயிர் ஊதப்படுவதாகக் கொள்கிறார்கள். அதற்கு முன் தக்க காரணம் இருந்தால் அனுமதிக்கலாமா என்பதில் அவர்களுக்குள்ளேயே கருத்து பிரிகிறது. தர்மசாஸ்திரங்கள் கருவைக் கொல்லும் ப்ரூணஹத்தியைப் பெரும் பாவங்களில் ஒன்றாக வைத்தன. கர்ப்போபநிடதமோ ஏழாம் மாதத்தில்தான் ஜீவன் வந்து சேர்கிறது என்கிறது. யூத மரபில், பிரசவத்தில் தாய்க்கு ஆபத்து என்றால், குழந்தையின் தலை வெளிவரும்வரை தாயின் உயிரே முதன்மை.

ஆங்கிலேயரின் வழக்குச் சட்டம் இன்னும் எளிமையான அளவுகோலை வைத்திருந்தது: தாய்க்குக் குழந்தையின் அசைவு தெரியும் நாள். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 312ஆவது பிரிவாக அது இங்கே வந்து இறங்கியது. தாயின் உயிரைக் காக்க அல்லாமல் கருவைக் கலைத்தால் மூன்று ஆண்டுவரை சிறை; அசைவு தெரிந்த பிறகென்றால் ஏழு ஆண்டுவரை. தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் குற்றவாளிதான். தண்டனைச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. பிரிவு எண் 88 ஆனது. குற்றம் அப்படியே இருக்கிறது.

இன்றைய உயிரியல் இந்தக் கோடுகளில் ஒன்றையும் உறுதிப்படுத்தவில்லை. கருவுறுதலிலிருந்து பிரசவம்வரை நடப்பது இடையறாத வளர்ச்சி. அதில் ஒரு நாளைத் தொட்டு ‘இதற்கு முன் பொருள், இதற்குப் பின் ஆள்’ என்று காட்ட முடியாது. கருப்பைக்கு வெளியே பிழைக்கும் திறனை எல்லையாக வைக்கலாம் என்றால் அது இன்குபேட்டரின் தரத்தோடு நகர்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் 28 வாரம் என்று சொல்லப்பட்டது இன்று 24 வாரத்தை ஒட்டி வந்துவிட்டது. பெருநகர மருத்துவமனையில் ஆளாக இருக்கும் கரு வட்டார மருத்துவமனையில் ஆள் இல்லை என்றால், அளக்கப்படுவது கருவா, மருத்துவமனையா?

இரண்டாவது கேள்வியைத் தனியே பிரித்தெடுத்துக் காட்டியவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜூடித் ஜார்விஸ் தாம்சன். 1971இல் வந்த அவருடைய கட்டுரை, கரு முதல் நாளிலிருந்தே முழு மனிதர்தான் என்று எதிர்த்தரப்புக்கு விட்டுக்கொடுத்துவிட்டுத் தொடங்குகிறது. ஒரு பெண் காலையில் கண் விழிக்கிறாள். சிறுநீரகம் பழுதான புகழ்பெற்ற வயலின் வித்துவான் ஒருவரோடு அவளை ஒரு குழாயால் இணைத்து வைத்திருக்கிறார்கள். அவளைக் கடத்தி வந்தவர்கள் இசை ரசிகர்கள். ஒன்பது மாதம் அப்படியே கிடந்தால் அவர் பிழைப்பார். குழாயைக் கழற்றினால் இறந்துவிடுவார். கிடந்தால் அது பெருந்தன்மை. ஆனால் கிடந்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்த யாருக்கு உரிமை? உயிர்வாழும் உரிமை என்பது இன்னொருவர் உடலைப் பயன்படுத்தும் உரிமை ஆகாது என்பதே அவர் வாதம்.

எதிர்வாதங்களும் வலுவானவை. கடத்தப்பட்டவளின் நிலை வன்புணர்வால் கருவுற்றவளுக்குத்தான் பொருந்தும். தெரிந்தே கூடியவர்களுக்கு விளைவில் பொறுப்பு உண்டு என்றார்கள். வித்துவான் நோயால் சாகிறார், கருவோ நேராகக் கொல்லப்படுகிறது என்றார்கள். 1989இல் தத்துவவாதி டான் மார்க்விஸ் மதத்தின் துணை இல்லாமல் வேறொரு வழியில் வந்தார். ஒருவரைக் கொல்வது ஏன் தவறு? அவருக்கு முன்னால் இருக்கும் வாழ்க்கை முழுவதையும் பறிப்பதால். கருவுக்கும் நம்மைப் போன்ற ஓர் எதிர்காலம் இருக்கிறது. ஆகவே அதைப் பறிப்பதும் அதே தவறு. கரு ஆளா இல்லையா என்ற சிக்கலையே இந்த வாதம் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். இன்னும் சேராத விந்துக்கும் முட்டைக்கும் எதிர்காலம் உண்டே, கருத்தடையும் கொலையா என்று கேட்டவர்களுக்கு அவர் நிறையவே விளக்க வேண்டியிருந்தது.

தமிழில் உடலின் மேல் யாருக்கு உரிமை என்ற கேள்வியைப் பெரியார் கருத்தடையை முன்வைத்துப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே எழுப்பிவிட்டார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ நூலில், மற்றவர்கள் உடல்நலத்துக்காகவும் நாட்டின் வறுமைக்காகவும் கர்ப்பத்தடையைக் கேட்கிறார்கள், தாம் கேட்பது பெண்ணின் விடுதலைக்காக என்று வேறுபடுத்திக் காட்டுகிறார்.

இந்திய அரசு எடுத்துக்கொண்டது அந்த ‘மற்றவர்கள்’ சொன்ன காரணத்தைத்தான். 1964இல் சாந்திலால் ஷா தலைமையில் அமைந்த குழு 1966இல் அறிக்கை தந்தது. திருட்டுத்தனமாகக் கலைக்கப் போய் உயிரை விடும் பெண்கள் அரசின் கவலை; பின்னணியில் குடும்பக் கட்டுப்பாட்டு முழக்கம். தெருவில் போராட்டம் இல்லை, மேடையில் தத்துவச் சண்டை இல்லை. தாம்சனின் கட்டுரை வந்த அதே 1971இல் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிறைவேறி, 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டம் பெண்ணுக்கு உரிமை எதையும் கொடுக்கவில்லை. மருத்துவருக்குப் பாதுகாப்புக் கொடுத்தது. பெண்ணின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ தீங்கு நேரும், அல்லது பிறக்கும் குழந்தை கடும் ஊனத்தோடு இருக்கும் என்று மருத்துவர் நன்னம்பிக்கையுடன் கருதினால் போதும். 12 வாரம்வரை ஒரு மருத்துவர், 20 வாரம்வரை இருவர். கருத்தடை தோற்றதால் வந்த கர்ப்பம் மனநலத்துக்குத் தீங்கு என்று கொள்ளலாம்; ஆனால் மணமான பெண்ணுக்கு மட்டும்.

நடைமுறையில் இது தாராளமான சட்டம்தான். உலகின் பல நாடுகள் கதவைச் சாத்தியிருந்த காலத்தில் இங்கே திறந்திருந்தது. ஆனால் சாவி மருத்துவர் கையில். சட்டம் கேட்காத கணவன் கையெழுத்தை மருத்துவமனைகள் கேட்கும் வழக்கம் அங்கிருந்து முளைத்ததுதான். வயதுவந்த பெண்ணின் ஒப்புதல் ஒன்றே போதும் என்பது பல பெண்களுக்கு இன்றும் தெரியாது.

அறக்கேள்வி ஸ்கேன் கருவி வழியாகத் திரும்பி வந்தது. 1991இல் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 945 என்றிருந்த பெண் குழந்தைகளின் எண்ணிக்கை 2001இல் 927 ஆனது; 2011இல் 920க்கும் கீழே போனது. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன சேலம் மாவட்டத்தில் 1992இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994இல் மத்தியச் சட்டம் வந்தது. ‘ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம்’ என்ற பலகை இல்லாத ஸ்கேன் சென்டர் இன்று இல்லை. பெண்ணிய இயக்கத்தை இது தர்மசங்கடத்தில் தள்ளியது. காரணம் கேட்காமல் கலைக்கும் உரிமை பெண்ணுக்கு உண்டு என்றால், பெண் கரு என்பதற்காகக் கலைப்பதை எப்படி எதிர்ப்பது? நிவேதிதா மேனன் போன்ற ஆய்வாளர்கள் இந்த முரணை மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள். நாளிதழ்த் தமிழ் அதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தது. பொதுவாக நடந்தால் ‘கருக்கலைப்பு’, பெண் என்று தெரிந்து நடந்தால் ‘கருக்கொலை’. செயல் ஒன்றுதான். நோக்கத்தை வைத்து அது கொலையாகிறது என்றால், கருவின் தகுதி அதன் வயதில் இல்லை, கலைப்பவர் மனதில் இருக்கிறது என்று ஆகும். அப்படியொரு கொள்கையை யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை. பேசும்போது எல்லோரும் அதைத்தான் பின்பற்றுகிறார்கள்.

ஊனத்திலும் இதே முடிச்சு. 2021இன் திருத்தம் ஒரே மருத்துவர் போதும் என்ற எல்லையை 20 வாரமாக்கி, வன்புணர்வுக்கு ஆளானவர், சிறுமி, கர்ப்பகாலத்தில் கணவனை இழந்தவர் போன்ற சிலருக்கு 24 வாரம்வரை நீட்டியது. ‘கணவன்’ என்றிருந்த இடத்தில் ‘துணைவர்’ வந்தார். 2022 செப்டம்பர் 29இல் உச்ச நீதிமன்றம், மணமாகாதவர்க்கும் 24 வார வரம்பு உண்டு என்றது. ஆனால் கருவில் கடும் குறைபாடு இருப்பதாக மருத்துவ வாரியம் சொன்னால் வார வரம்பே கிடையாது. அப்படியானால் 25ஆம் வாரத்தில் சட்டம் காப்பது கருவையா, குறையில்லாத கருவை மட்டுமா என்று ஊனமுற்றோர் உரிமை பேசுவோர் கேட்கிறார்கள். அதற்கு நேரான பதில் சட்டத்தில் இல்லை.

2023 அக்டோபரில் அந்த முதல் கேள்வி ஒரு மின்னஞ்சலாக உச்ச நீதிமன்றத்துக்கு வந்து சேர்ந்தது. மனுதாரர் 27 வயதுப் பெண், இரண்டு குழந்தைகளின் தாய். இரண்டாவது பிரசவத்துக்குப் பின் வந்த மனநோய்க்கு மருந்து சாப்பிட்டுவந்தார். தாய்ப்பால் கொடுக்கும் காலத்தில் மாதவிலக்கு நிற்பது இயல்புதான் என்பதால் கர்ப்பம் தெரியாமலே வளர்ந்திருந்தது. அக்டோபர் 9இல் ஹிமா கோலி, பி.வி. நாகரத்னா ஆகிய இரு நீதிபதிகளும் கலைக்க அனுமதித்தார்கள். மறுநாள் எய்ம்ஸ் மருத்துவர் ஒருவர் எழுதினார்: கரு உயிரோடு வெளிவந்து பிழைக்க வாய்ப்பு உண்டு, முதலில் அதன் இதயத்தை நிறுத்த வேண்டுமா?

அதுவரை ‘முடிவுக்குக் கொண்டுவருதல்’ என்ற சட்டச்சொல்லுக்குள் அடங்கியிருந்த ஒன்றை அந்தக் கடிதம் பச்சையாகச் சொல்லிவிட்டது. 11ஆம் தேதி நீதிபதிகள் பிரிந்தார்கள். இதயத்துடிப்பை நிறுத்தச் சொல்ல எந்த நீதிமன்றத்துக்கு மனம் வரும் என்றார் கோலி. கரு தாயைச் சார்ந்தே இருக்கிறது, தாயிலிருந்து தனித்த ஆளுமையாக அதைக் கொள்ள முடியாது, அந்தப் பெண்ணின் தெளிவான முடிவை மதிக்க வேண்டும் என்றார் நாகரத்னா. ஒரே அமர்வில், ஒரே நாளில், ஒருவர் முதல் கேள்வியில் நின்றார், மற்றவர் இரண்டாவதில்.

வழக்கு தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான மூவர் அமர்வுக்குப் போனது. அக்டோபர் 16இல் மனு தள்ளுபடியானது. கர்ப்பம் 26 வாரம் 5 நாள். 24 வார வரம்பு கடந்துவிட்டது. தாயின் உயிருக்கு உடனடி ஆபத்து இல்லை; கருவில் கடும் குறைபாடும் இல்லை. இந்த மூன்றும்தான் உத்தரவு சொன்ன காரணங்கள். பிரசவத்தை எய்ம்ஸ் பார்த்துக்கொள்ளும், செலவை அரசு ஏற்கும், பிறந்த குழந்தையை வளர்ப்பதா தத்துக் கொடுப்பதா என்பது பெற்றோரின் விருப்பம் என்று நீதிமன்றம் பதிவு செய்தது.