தோட்டத்துக்கு வந்த பிரான்ஸ், பாரிசுக்குப் போன தமிழ்

பிரான்ஸ் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஐஃபல் கோபுரம்தான். 1998-இல் வந்த 'ஜீன்ஸ்' படப் பாடலில் அதைப் பார்த்து வாய் பிளந்தவர்களில் நானும் ஒருவன். நம் சினிமா காட்டிய பாரிசில் குப்பை இல்லை. வேலை தேடி அலைபவரும் இல்லை.

ஆனால், நான் அறிந்த மிகச் சுவையான பிரெஞ்சுக் கதை எங்கள் கோல சிலாங்கூர் தோட்டங்களில் தொடங்குகிறது.

ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சு இளைஞர் 1905-இல் மலாயாவுக்கு வந்தார். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டார். 1917-இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு (இன்றைய பெஸ்தாரி ஜெயா) அருகே தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். இந்நாட்டில் வணிக நோக்கில் செம்பனை பயிரிடப்பட்டது அங்கேதான் முதன்முதலில். அந்தத் துரை எழுதிய 'மலேசி' நாவல், 1930-இல் பிரான்சின் புகழ்பெற்ற கொன்கூர் இலக்கியப் பரிசை வென்றது.

அதை ஆங்கிலத்தில் படித்தேன். காட்டையும் மழையையும் அவர் வருணிக்கும் அழகில் மயங்கினேன். மலாய் பந்துன்களை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதும் புரிந்தது. தமிழர்களும் நாவலில் வருகிறார்கள். ஆனால், துரையின் கண்ணுக்குப் பட்ட அளவுக்கே. கதை சொல்வது ஒரு பிரெஞ்சுத் தோட்டக்காரரின் குரல். பெரட்டில் நின்று, பால் மரம் வெட்டி, மாலையில் லயத்துக்குத் திரும்பியவர் என்ன நினைத்தார்? அதைத் தேடித் தேடிப் படித்தும் எனக்குக் கிடைக்கவில்லை. பரிசு பெற்ற புத்தகத்தில் என் பாட்டன் தூரத்தில் தெரியும் ஒரு நிழலாக இருப்பது போலத் தோன்றியது.

85 ஆண்டுகள் கழித்து நிலைமை மாறியது. 2015-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருதை வென்ற படம் ழாக் ஓதியார் இயக்கிய 'தீபன்'. பிரெஞ்சுப் படம்தான், ஆனால், அதில் அதிகம் ஒலிப்பது தமிழ். தீபனாக நடித்த அந்தோனிதாசன், ஷோபாசக்தி என்ற பெயரில் எழுதும் ஈழத்து எழுத்தாளர். இளம் வயதில் இயக்கத்தில் இருந்தவர். பிறகு பிரான்சில் அகதியானவர்.

ஒருவரை ஒருவர் அறியாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி. இறந்தவர்களின் கடப்பிதழ்களைக் கொண்டு ஒரே குடும்பம் போல் நடித்துப் பிரான்சுக்குள் நுழைகிறார்கள். போதைப்பொருள் கும்பல் ஆளும் அடுக்குமாடிக் குடியிருப்பில் தீபனுக்குக் காவலாளி வேலை கிடைக்கிறது.

அம்மாவோடு இந்தப் படத்தைப் பார்த்தேன். அம்மா பால் மரம் வெட்டியவர். தோட்டம் துண்டாடப்பட்ட பிறகு மலிவு விலை அடுக்குமாடிக்குக் குடிவந்தவர். தீபன் படிக்கட்டைக் கூட்டும் காட்சியில் மெல்லச் சொன்னார்: "நம்ம சனம் எங்க போனாலும் முதல்ல கையில தொடப்பத்ததான் குடுப்பாங்க போல."

படத்தின் கடைசிப் பகுதியில் வெடிக்கும் வன்முறை எனக்குப் பிடிக்கவில்லை. போரை விட்டு ஓடிவந்தவனை மீண்டும் சண்டைக்காரனாக்கித்தான் கதையை முடிக்க வேண்டுமா? ஆனாலும், அந்த மூவரும் சமைத்து, சண்டையிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் குடும்பமாகும் காட்சிகளுக்காக எத்தனை முறையும் பார்க்கலாம். சிறு பிள்ளைகளை மட்டும் உடன் வைத்துக்கொள்ள வேண்டாம்.

நாவலையும் படத்தையும் படைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்களே. ஆனால், படத்தில் அந்த வாழ்க்கையை வாழ்ந்த ஒருவர் நடுவில் நின்று தன் மொழியில் பேசுகிறார். எனக்குப் பட்ட வேறுபாடு அதுதான்.

படம் முடிந்ததும் அம்மா தன் பழைய தோட்டத்துக் கதைகளைத் தொடங்கினார். கங்காணி பெயர், கோயில் திருவிழா, முதல் சம்பளம் என்று நள்ளிரவு வரை போனது. வழக்கமாகக் கேட்டுவிட்டு மறந்துபோவேன். அன்று கைப்பேசியில் பதிவு செய்துகொண்டேன். இப்போது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதில் கொஞ்சம் எழுதி வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.