மீவன்மைச் சாணைச் சக்கரங்கள்: தேர்வும் பராமரிப்பும்

மீவன்மைச் சாணைச் சக்கரம் என்பது வைரத் துகள்களையோ கனசதுர போரான் நைட்ரைடு (சுருக்கமாக சிபிஎன்) துகள்களையோ வெட்டும் பொருளாகக் கொண்ட சாணைச் சக்கரம் ஆகும். வழக்கமான சாணைக்கல் தேய்க்க முடியாத, அல்லது தேய்க்கப் போய்த் தானே விரைவில் தேய்ந்துவிடுகிற கடினப் பொருள்களுக்கு இது பயன்படுகிறது. டங்ஸ்டன் கார்பைடு, கடினமாக்கப்பட்ட எஃகு, கண்ணாடி, பீங்கான், கருங்கல் ஆகியவை அத்தகைய பொருள்கள்.

பட்டறைகளில் இதை "டைமண்ட் வீல்" என்றே சொல்வர். சிபிஎன் சக்கரத்தையும் சிலர் அதே பெயரால் அழைப்பதுண்டு. இந்தப் பெயர்க் குழப்பமே பல சக்கரங்கள் வீணாவதற்கு முதற்காரணம்.

காவிரிப் பாசனப் பகுதியில் இதன் தேவை

பூதலூர் தஞ்சாவூருக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் இடையிலான இருப்புப்பாதையில் அமைந்த நெல் வட்டாரம். இங்கு சாணைப் பொருள் என்றதும் நினைவுக்கு வருவது அரிசி ஆலையில் தவிட்டை நீக்கும் எமரிக் கல் உருளைதான். எமரித் துகளை மக்னீசியச் சிமெண்டால் பிணைத்துச் செய்வது அது. அரிசியை மெருகேற்ற எமரி போதும். கார்பைடுக்கு அது போதாது.

கார்பைடு இவ்வட்டாரத்திற்கு மூன்று வழிகளில் வந்து சேர்கிறது. ஒன்று, ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளின் துளையிடு தலை. திருச்செங்கோட்டிலிருந்து நாடெங்கும் செல்லும் இவ்வண்டிகள் பாறையைத் துளைக்கும்போது அதை உண்மையில் உடைப்பவை எஃகுத் தலையில் பதித்த கார்பைடுக் குமிழ்களே. இரண்டாவது, மர வேலைக் கூடங்களில் உள்ள கார்பைடுப் பல் வைத்த வட்ட ரம்பம். மூன்றாவது, லேத் பட்டறைகளின் கார்பைடு முனை வெட்டுளிகள். திருச்சியில் 1960களில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை வந்த பின், துவாக்குடி பகுதியில் அதைச் சார்ந்த சிறு தொழிற்கூடங்கள் பல தோன்றின. அங்கே இவை அன்றாடக் கருவிகள்.

இவற்றையெல்லாம் கூர்தீட்டப் பல பட்டறைகளில் இன்றும் பயன்படுவது சிலிக்கான் கார்பைடாலான பச்சைக் கல். அது மலிவானது. ஆனால் கார்பைடைவிடச் சற்றே கடினமானது என்பதால் வேகமாகத் தேய்கிறது, மிகுந்த சூட்டை உண்டாக்குகிறது, வெட்டுமுனையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை விட்டுச் செல்கிறது. தீட்டிய உளி முதல் வெட்டிலேயே முனை உதிர்ந்துபோனால் உளியைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குறை தீட்டிய கல்லில் இருக்கும்.

வரலாறு

செயற்கை வைரம் உருவாக்கப்பட்டதை அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் 1955இல் அறிவித்தது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர் ராபர்ட் வென்டார்ஃப் 1957இல் கனசதுர போரான் நைட்ரைடை உருவாக்கினார். இயற்கையில் தேடிப்போய் எடுக்கக்கூடிய பொருள் அன்று இது. மிகுந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஆக்கப்படுவது. 1969 முதல் போரசான் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

தமிழ்நாட்டில், முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரித்தானிய நிறுவனங்களுடன் கூட்டாக 1954இல் கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கியது. அது வழக்கமான சாணைச் சக்கரங்களுக்குப் பெயர்பெற்றது. வைர, சிபிஎன் சக்கரங்களுக்கென 1980இல் வெண்ட் இந்தியா நிறுவனம் அமைந்தது. அதன் ஆலை ஓசூரில் உள்ளது.

வைரமா, சிபிஎன்னா?

நூப் அளவுகோலில் அலுமினியம் ஆக்சைடின் கடினத்தன்மை சுமார் 2,100. சிலிக்கான் கார்பைடு சுமார் 2,500. சிபிஎன் சுமார் 4,500. வைரம் சுமார் 7,000. இவ்வளவு வேறுபாடு இருக்க, எல்லாவற்றுக்கும் வைரத்தையே பயன்படுத்தினால் என்ன என்று கேட்கத் தோன்றும்.

விடை வேதியியலில் இருக்கிறது. வைரம் என்பது கரிமம். இரும்புக்குக் கரிமத்தின் மேல் நாட்டம் அதிகம். சாணை பிடிக்கும் சூட்டில் வைரத்தின் கரிமம் இரும்புக்குள் கரைந்துபோகிறது. எனவே எஃகைத் தேய்க்கும் வைரத் துகள் உராய்வால் மட்டும் தேயாமல் கரைந்தும் மழுங்குகிறது. காற்றில் சுமார் 700 முதல் 800 பாகை செல்சியசிலேயே வைரம் சிதையத் தொடங்குகிறது. சிபிஎன் 1,000 பாகைக்கு மேலும் தாங்கும், இரும்போடு எளிதில் வினைபுரியாது.

ஆகவே கார்பைடு, கண்ணாடி, பீங்கான், கல் ஆகியவற்றுக்கு வைரம். அதிவேக எஃகு, கடினமாக்கிய கருவி எஃகு, பேரிங் எஃகு ஆகியவற்றுக்கு சிபிஎன். கடினமாக்காத மென் எஃகுக்கு இரண்டும் வேண்டாம். அது சக்கரத்தின் துளைகளில் அப்பிக்கொள்ளும். சாதாரண அலுமினியம் ஆக்சைடுக் கல்லே அதற்கு ஏற்றது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. கார்பைடு முனையும் ரம்பப் பல்லும் எஃகு உடலின் மேல் பற்றவைக்கப்பட்டவை. தீட்டும்போது வைரச் சக்கரம் பின்னால் உள்ள எஃகையும் உரசும். முனைக்குப் பின்னால் இருக்கும் எஃகைச் சாதாரணக் கல்லால் முதலில் சற்றே குறைத்துவிட்டு, பிறகு கார்பைடை மட்டும் வைரச் சக்கரத்தில் தொடுவதே முறை. அவசரத்தில் பலரும் விட்டுவிடும் படி இது.

பிணைப்பு, துகள் அளவு, செறிவு

துகள்களைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் பிணைப்பு எனப்படும். ரெசின் பிணைப்பு மிருதுவாக வெட்டும், சூடு குறைவு, ஆனால் விரைவில் தேயும். கார்பைடுக் கருவிகளைத் தீட்ட இதுவே பொதுவான தேர்வு. ரெசினில் நன்றாகப் பிடித்துக்கொள்வதற்காக வைரத் துகள்களுக்கு நிக்கல் பூச்சு இடுவதும் உண்டு. உலோகப் பிணைப்பு கண்ணாடி, கல் போன்றவற்றுக்கு. நெடுநாள் உழைக்கும், ஆனால் நீர் வேண்டும். கண்ணாடிமப் பிணைப்பு நுண்துளைகள் கொண்டது, ஆலைகளில் சிபிஎன்னுக்கு மிகுதியாகப் பயன்படுகிறது. மின்முலாம் பிணைப்பில் ஒரே ஓர் அடுக்குத் துகள்தான் இருக்கும். வேகமாக வெட்டும், தீர்ந்தால் தீர்ந்தது.

துகள் அளவு மைக்ரோமீட்டரில் குறிக்கப்படுகிறது. டி என்றால் வைரம், பி என்றால் சிபிஎன். டி126 முதல் டி181 வரை முரட்டுத் தேய்ப்புக்கு, டி64 அளவில் பொதுவான கூர்தீட்டலுக்கு, டி46உம் அதற்குக் கீழும் மெருகுக்கு. கூர்முனை எவ்வளவு நேர்த்தியாக வேண்டுமோ அவ்வளவு சிறிய துகள் தேவை. ஆனால் சிறிய துகள் மெதுவாகவே வெட்டும், அழுத்தினால் சூடேறும்.

செறிவு என்பது கலவை அடுக்கில் எவ்வளவு வைரம் இருக்கிறது என்பதைக் காட்டும் எண். செறிவு 100 என்றால் ஒரு கன சென்டிமீட்டருக்கு 4.4 காரட், அதாவது கனஅளவில் 25 விழுக்காடு. 75 என்றால் 3.3 காரட். ஒரு கணக்கைப் பார்க்கலாம். 100 மி.மீ. விட்டமுள்ள கிண்ண வடிவச் சக்கரம். வைர வளையத்தின் அகலம் 10 மி.மீ., தடிப்பு 2 மி.மீ. வளையத்தின் கனஅளவு சுமார் 5.65 கன சென்டிமீட்டர். செறிவு 75 எனில் வைரம் சுமார் 18.6 காரட். ஒரு காரட் 0.2 கிராம் என்பதால் மொத்தம் 3.7 கிராம். கையில் கனமாகத் தெரியும் சக்கரத்தில் நாம் விலை கொடுத்து வாங்குவது இந்த 3.7 கிராமைத்தான். விலை குறைவு என்று ஒரு சக்கரத்தைக் காட்டினால் முதலில் கேட்க வேண்டியவை வளையத்தின் தடிப்பும் செறிவும்.

வேகம்

ரெசின் பிணைப்பு வைரச் சக்கரத்தால் கார்பைடைத் தீட்ட, நீர் இல்லாமல் வினாடிக்கு 15 முதல் 20 மீட்டர், நீருடன் 20 முதல் 30 மீட்டர் விளிம்பு வேகம் பொருத்தமானது. சிபிஎன்னுக்கு 30 மீட்டரும் அதற்கு மேலும் போகலாம். வேகத்தைக் கணக்கிட விட்டத்தை (மீட்டரில்) 3.14ஆலும் நிமிடச் சுற்றாலும் பெருக்கி 60ஆல் வகுக்க வேண்டும். 150 மி.மீ. சக்கரம் நிமிடத்திற்கு 2,800 சுற்று ஓடினால் வினாடிக்கு 22 மீட்டர். நீருடன் இது சரி. உலர்வேலைக்குச் சற்று அதிகம்.

நிமிடத்திற்கு 11,000 சுற்று ஓடும் கைக்கிரைண்டரில் 100 மி.மீ. சக்கரத்தை மாட்டினால் வேகம் 57 மீட்டரைத் தாண்டும். அந்த வேகத்திற்கென ஆக்கப்படாத சக்கரம் உடைந்து தெறிக்கலாம். சக்கரத்தின் மேல் அச்சிட்ட உச்ச சுற்று எண்ணைப் பாராமல் மாட்டக் கூடாது. கல்லைத் தட்டி மணிபோல் ஒலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனை இங்கே உதவாது. உலோக உடல் கொண்ட சக்கரம் வெடிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படித் தெளிவாக ஒலிப்பதில்லை.

பொருத்துதலும் கொத்தி விடுதலும்

சக்கரத்தை அச்சில் பொருத்தியதும் டயல் கேஜ் வைத்து ஆட்டம் பார்க்க வேண்டும். ஆட்டம் 0.02 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. ஆடும் சக்கரத்தில் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்யும், மறுபக்க வைரம் சும்மா சுற்றும். ஒரு சக்கரத்துக்கு ஒரு ஃபிளாஞ்சு என்று நிரந்தரமாக ஒதுக்கிவிட்டால், கழற்றி மாட்டும்போதெல்லாம் வைரத்தைத் தேய்த்து வட்டம் சரிசெய்ய வேண்டியதில்லை.

வட்டமாக்குவது வேறு, கூர்திறப்பது வேறு. வட்டமாக்கலில் சிலிக்கான் கார்பைடுச் சக்கரம் ஒன்றை வைரச் சக்கரத்தோடு உரசவிட்டு வடிவத்தைச் சீராக்குவர். அதன் பின் மேற்பரப்பு வழவழப்பாகிவிடும், துகளும் பிணைப்பும் ஒரே மட்டத்தில் நிற்கும். அப்படியே வேலைக்கு விட்டால் வெட்டாது, சூடு மட்டும் ஏறும். தேய்ந்து வழுக்கும் அம்மியை உளியால் கொத்தி விடுவது போல, இங்கும் பிணைப்பைச் சற்று அரித்துத் துகளை வெளியே நிற்கவிட வேண்டும். இதற்கு அலுமினியம் ஆக்சைடாலான மென்மையான வெள்ளைக் குச்சி பயன்படுகிறது. குச்சியை நீரில் நனைத்துச் சுழலும் சக்கரத்தில் லேசாக அழுத்தினால், குச்சியின் துகள்கள் ரெசினை மட்டும் அரிக்கும். முதலில் குச்சி தேயாமல் வழுக்கும். பிறகு வேகமாகக் கரையத் தொடங்கும். அப்போது நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் கொத்தினால் நல்ல வைரம் உதிரும்.

மின்முலாம் சக்கரத்தை வட்டமாக்கவோ கொத்தவோ கூடாது. ஒரே அடுக்கு என்பதால் அது போய்விடும்.

வெட்டும்போது ஒரு முறைக்கு 0.01 முதல் 0.02 மி.மீ. ஆழமே போதும். சத்தம் மாறுவது, அழுத்தம் கூட்டினால்தான் வெட்டுவது, ரெசின் கருகும் வாடை ஆகியவை மழுங்கியதன் அடையாளங்கள். அப்போது அழுத்துவதால் பயனில்லை, கொத்திவிட வேண்டும். உலர்வேலையில் சூடேறிய கார்பைடைத் தண்ணீரில் முக்கக் கூடாது. உடனே வெடிப்பு விழும். நீர் விடுவதானால் தொடக்கம் முதல் இடைவிடாமல் விட வேண்டும். சிபிஎன் சக்கரத்திற்கு நீர்க் கலவையைவிட எண்ணெய் ஏற்றது. மிகுந்த சூட்டில் நீராவி சிபிஎன்னைச் சிதைக்கிறது.

துளையிடு தலையின் குமிழ்கள்

ஆழ்துளைத் தலையின் கார்பைடுக் குமிழ் தட்டையாகத் தேய்ந்து, தட்டைப் பகுதியின் அகலம் குமிழ் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் மீண்டும் உருட்டித் தீட்ட வேண்டும். 12 மி.மீ. குமிழில் அது 4 மி.மீ. "இன்னும் ஒரு கிணறு ஓடும்" என்று விட்டுவிட்டால் குமிழின் மேல் பாம்புச் சட்டைபோல் நுண்வெடிப்புகள் படர்ந்து, ஒருநாள் பாறைக்குள்ளேயே உடையும். உடைந்த கார்பைடுத் துண்டு மற்ற குமிழ்களையும் உடைக்கும். தலை முழுதும் போனபின் போகும் பணம், ஒரு வைரக் கிண்ணத்தின் விலையைவிடப் பன்மடங்கு. ஒவ்வொரு குமிழ் விட்டத்திற்கும் அதற்குரிய குழிவுள்ள வைரக் கிண்ணம் கிடைக்கிறது. அதை நீரோட்டத்துடன் பயன்படுத்த வேண்டும். குமிழைச் சூழ்ந்த எஃகை முதலில் அகற்றிவிட்டால் கிண்ணம் நீண்டநாள் உழைக்கும்.

தூசியும் நுரையீரலும்

கார்பைடு என்பது டங்ஸ்டன் கார்பைடுத் துகளைக் கோபால்ட் உலோகத்தால் பிணைத்தது. வெட்டுக் கருவிகளில் கோபால்ட் பெரும்பாலும் 5 முதல் 12 விழுக்காடு வரை இருக்கும். இந்தத் தூசியை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவருக்குக் கடின உலோக நுரையீரல் நோய் வரலாம். வறட்டு இருமலும் மூச்சுத் திணறலும் தொடக்க அறிகுறிகள். இருமல் வேலை நாள்களில் கூடி விடுமுறையில் தணிந்தால் மருத்துவரிடம் தொழிலைச் சொல்லிக் காட்ட வேண்டும். சொல்லாவிட்டால் ஆஸ்துமா என்றோ காசநோய் என்றோ எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு.

முகத்தில் துண்டு கட்டிக்கொள்வது இத்தகைய நுண்தூசியைத் தடுக்காது. சக்கரத்தின் அருகிலேயே உறிஞ்சு குழாய் வேண்டும், பொருத்தமான மூச்சுக் கவசம் வேண்டும். நீர் விட்டால் தூசி அடங்கும் என்பது பாதி உண்மை. கோபால்ட் கூலண்டில் கரைந்து, சக்கரம் வாரியிறைக்கும் நீர்த்திவலைகளோடு மீண்டும் மூக்குக்கு வரும். எனவே கூலண்டை வடிகட்டவும் குறித்த காலத்தில் மாற்றவும் வேண்டும். பழையதை வாய்க்காலில் ஊற்றக் கூடாது. அழுத்தக் காற்றால் மேசையை ஊதிச் சுத்தம் செய்வது அடங்கிய தூசியைக் கிளப்பிவிடும் வேலை. ஈரத்துணியால் துடைப்பதே சரி.

வைப்பு முறை

ரெசின் பிணைப்பு ஈரத்திலும் வெப்பத்திலும் வலுவிழக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்த அலமாரியில் வைப்பதைவிட மூடிய பெட்டியில் படுக்கையாக வைப்பது நல்லது. கிண்ணச் சக்கரத்தின் விளிம்பு தரையில் படாமல் இருக்கட்டும். வெவ்வேறு துகள் அளவுள்ள சக்கரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முரட்டுத் துகள் நுண்சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு மெருகில் கீறல் விழும்.

கலவை அடுக்கு அரை மி.மீ. அளவுக்கு வந்ததும் சக்கரத்தை மாற்றிவிட வேண்டும். அடுக்கு தீர்ந்து உலோக உடல் கார்பைடைத் தொட்டால் இரண்டும் கெடும். மின்முலாம் சக்கரத்தின் உடலை எறிந்துவிட வேண்டாம். உடல் நேராக இருந்தால் பழைய முலாமை நீக்கி மறுபடி வைரம் ஏற்றித் தருவார்கள்.