செவிலியரின் கை வெடிப்பு தொற்றுமா?

சில வாரங்களுக்கு முன் உள்நோயாளிப் பிரிவில் ஒரு மூதாட்டி ஊசி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். "அந்த சிஸ்டர் கையெல்லாம் வெடிச்சிருக்கு, எனக்கும் ஒட்டிக்கும். வேற யாரையாச்சும் வரச் சொல்லுங்க" என்றார். செவிலியர் பதில் ஏதும் கூறாமல் விலகிப் போய்விட்டார்.

அது தொற்றுநோய் அன்று. நம் கீழ்பென்னாத்தூர்ப் பகுதியில் வயல்வேலை செய்வோர் சிலர், பார்த்தீனியச் செடியால் முகமும் கழுத்தும் தடித்து, அரிப்புடன் எங்களிடம் வருவதுண்டு. அவர்களைத் தொட்டவருக்கு அது வருவதில்லை. இதுவும் அத்தகையதே.

கையுறையின் வரலாற்றிலேயே இந்நோய்க்கு இடமுண்டு. 1889ஆம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைச் செவிலியர் கரோலின் ஹாம்ப்டனுக்குக் கிருமிநாசினியாகப் பயன்பட்ட பாதரசக் கரைசலால் கைத்தோல் புண்ணாயிற்று. அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், குட்இயர் ரப்பர் நிறுவனத்தின் வழியாக அவருக்கென மெல்லிய கையுறைகளைச் செய்வித்தார். 1890இல் இருவரும் மணந்துகொண்டனர் என்பது தனிக்கதை. ஒரு செவிலியரின் தோலைக் காக்க வந்த அந்த ரப்பரே பிற்காலத்தில் பலருக்கு ஒவ்வாமையைத் தந்தது.

எனினும், நாங்கள் பார்க்கும் கை வெடிப்புகளில் பெரும்பாலானவை ஒவ்வாமையே அல்ல. ஒவ்வொரு நோயாளிக்கும் முன்னும் பின்னும் சோப்பிட்டுக் கழுவுவதால் தோலின் எண்ணெய்ப்பசை போய்விடுகிறது. வெடித்த தோலில் சாராயம் கலந்த கைத்தேய்ப்புத் திரவம் எரியும். அந்த எரிச்சலை ஒவ்வாமை என்றெண்ணிப் பலர் மீண்டும் சோப்புக்கே திரும்புகின்றனர். வெடிப்பு மேலும் ஆழமாகிறது. கையில் அழுக்குப் படியாத வேளைகளில் அத்திரவமே தோலுக்கு நல்லது.

உண்மையான ஒவ்வாமை இருவகை. ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தையூரம் போன்ற வேதிப்பொருள்களால் ஓரிரு நாள் கழித்துத் தோன்றும் அரிப்பும் கொப்புளமும் ஒன்று. முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி, இரண்டு நாள் கழித்து அகற்றி, பின்னர் மறுபடியும் பார்த்து இதைக் கண்டறிகிறோம். மற்றது ரப்பர்ப்பாலின் புரதத்தால் சில நிமிடங்களிலேயே வருவது: தடிப்பு, தும்மல், மூச்சிரைப்பு, அரிதாக உயிருக்கே ஆபத்து. மாவு தடவிய கையுறைகள் இப்புரதத்தைக் காற்றிலும் பரப்பும். அமெரிக்கா 2017இல் அவற்றைத் தடைசெய்தது.

மூதாட்டியின் அச்சத்தை நாங்கள் முழுவதுமாக ஒதுக்கவில்லை. வெடித்த தோலில் கிருமிகள் எளிதில் தங்கும். ஆகவே கைப்புண்ணை மறைக்காமல் உடனே தெரிவிக்குமாறு பணியாளர்களைக் கேட்டுக்கொண்டுள்ளோம். அச்செவிலியருக்குச் சோதனையில் ஒவ்வாமை ஏதும் தென்படவில்லை. களிம்பும் சில நாள் வேறு பணியும் போதுமானவையாக இருந்தன.

வீட்டில் நோயாளியைப் பராமரிப்போருக்கும் இதே தொல்லை வரும். பினாயிலையும் பிளீச்சிங் பவுடரையும் வெறுங்கையால் தொடாதீர்கள். கை கழுவியதும் ஈரம் போகத் துடைத்து வாசலின் தடவுங்கள். கையுறைக்குள் ஈரக் கையை நுழைக்காதீர்கள்.

பலூன் ஊதும்போது உதடு வீங்கியதுண்டா? வாழைப்பழமோ பப்பாளியோ தின்றால் வாய் அரிக்கிறதா? குழந்தைக்குப் பிறவியிலேயே முதுகெலும்புப் பிளவு இருந்து பலமுறை அறுவை நடந்துள்ளதா? பல் பிடுங்குவதானாலும் பிரசவமானாலும், கையுறை அணிந்த கை உங்களைத் தொடுமுன் இதை மருத்துவரிடம் கூறிவிடுங்கள். ரப்பர்ப்பால் இல்லாத நைட்ரைல் கையுறையை எடுத்துக்கொள்வோம்.