டேஷ்போர்டுக்கு எதைப் பூசலாம்?

வாட்டர் வாஷ் முடிந்து வெளியே வரும் காரின் டேஷ்போர்டு, எண்ணெய் தேய்த்த தலை போல மின்னும். டயர்களும் ஷோரூமில் பார்த்த கறுப்புக்குத் திரும்பியிருக்கும். கூடுதலாகக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று நமக்கும் திருப்தி. ஆனால் மினுக்குவது ஒரு வேலை, காப்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே பாட்டில் செய்துவிடும் என்று நம்பித்தான் பலரும் பாலிஷ் வாங்குகிறார்கள்.

முதலில், எதிலிருந்து காக்க வேண்டும்? உள்ளே வெப்பம்தான் பெரிய எதிரி. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் டேஷ்போர்டு சராசரியாக 69 டிகிரி செல்சியஸுக்குச் சூடேறியிருந்தது. பல கார்களில் டேஷ்போர்டின் மேல்தோல் பி.வி.சி.யால் ஆனது. தண்ணீர்க் குழாய் செய்வதும் அதே பி.வி.சி.யில்தான், இயல்பில் விறைப்பானது. அதை மெத்தென்று ஆக்க எண்ணெய்ப் பசையுள்ள ஒரு வேதிப்பொருளைக் கலக்கிறார்கள். சூடு ஏற ஏற அது கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். முன்கண்ணாடியின் உட்புறம் படியும் மங்கலான படலத்தில் அதற்கும் பங்குண்டு. மிஞ்சிய தோல் இறுகி, நாளடைவில் வெடிக்கும்.

வெளியே இருக்கும் பிளாஸ்டிக்குக்குப் புற ஊதாக் கதிர்தான் எமன். பெயிண்ட் அடிக்காத பம்பர் ஓரம், வைப்பருக்குக் கீழுள்ள தட்டு எல்லாம் வெளுப்பது அதனால்தான். மேற்பரப்பு சிதைந்து நுண்ணிய விரிசல் விடுகிறது. அதில் வெளிச்சம் சிதறுவதால் கறுப்பு நரைத்துத் தெரிகிறது. எண்ணெய்ப் பசையுள்ள எதைத் தடவினாலும் விரிசல் நிரம்பிக் கறுப்பு திரும்பிவிடும். நாலு மழைக்குப் பிறகு பழைய கதைதான். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களும் உண்டு. வெயிலில் அது காறிப்போய் வாடையடிக்கும், தெருப்புழுதியெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

டயரின் கதை வேறு. தொடக்க காலத்தில் டயர்கள் வெளிர் நிறமாகத்தான் இருந்தன. மிஷலின் நிறுவனத்தின் டயர் பொம்மை இன்றும் வெள்ளையாக இருப்பது அதனால்தான். பிறகு ரப்பரோடு கார்பன் கரியைச் சேர்த்தார்கள். டயருக்கு உறுதி கொடுப்பதோடு புற ஊதாக் கதிரையும் அது வாங்கிக்கொள்கிறது. ஆக, புற ஊதாவைத் தடுக்கும் பெரிய ஏற்பாடு டயருக்குள்ளேயே இருக்கிறது.

டயரில் வெடிப்பு விழச் செய்வது பெரும்பாலும் காற்றிலுள்ள ஓசோன். இழுபட்டு நிற்கும் ரப்பரின் மூலக்கூறுச் சங்கிலிகளை அது அறுக்கும். இதற்காகவே ரப்பரில் மெழுகும், 6பிபிடி போன்ற ஓசோன் எதிர்ப்பொருளும் கலந்திருக்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி விரிவதில் அவை மேலே கசிந்து வந்து மேற்பரப்பை மூடும். பக்கச்சுவரில் தெரியும் பழுப்பு நிறத்தை அழுக்கு என்று பிரஷ் போட்டுத் தேய்க்கிறோமே, அது பெரும்பாலும் இந்தக் காவல்தான். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரின் டயர் வெடிப்பு விடுவதற்கு, இந்தக் கசிவு குறைவதும் ஒரு காரணம்.

இனி பாட்டிலுக்கு வருவோம். பால் போல வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் தண்ணீரில் கலந்த சிலிகான். தெளிவாக, பிசுபிசுப்பாக, மண்ணெண்ணெய் வாடையோடு இருந்தால் பெட்ரோலியக் கரைப்பானில் கலந்தது. சிலிகானைப் பலர் வில்லனாக்கிவிட்டார்கள். நான் சந்தேகப்படுவது கரைப்பானைத்தான். அது டயரின் மெழுகைக் கரைத்துவிடக்கூடும். முதல் வகையை வாங்குங்கள். அதிலும் புற ஊதாத் தடுப்பு இருப்பதாக லேபிளில் போட்டிருப்பதையும், மினுக்காமல் மேட்டாகக் காய்வதையும் பாருங்கள். மினுக்கும் டேஷ்போர்டின் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து, உச்சி வெயிலில் சாலையையே மறைக்கும். கண்ணுக்குத் தெரியாத மூலையில் கொஞ்சம் தடவி, பத்து நிமிடம் கழித்து உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு விரலை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் புழுதி ஒட்டும், வேண்டாம்.

நேராக டேஷ்போர்டில் ஸ்பிரே அடிக்காமல் மைக்ரோஃபைபர் துணியில் அடித்துத் துடைப்பது நல்லது. சுவிட்சுகளுக்குள் ஈரம் இறங்காது. ஸ்டியரிங், பெடல், டயர் தரையைத் தொடும் பகுதி, பிரேக் டிஸ்க் ஆகியவற்றில் துளியும் படக்கூடாது. பைக் டயருக்குப் பாலிஷே வேண்டாம். வளைவில் சாயும்போது அதன் ஓரமும் சாலையில் பதியும். டிங்கரிங், பெயிண்டிங் வேலைக்கு வண்டியை விடும்போது சிலிகான் பூசியிருப்பதைச் சொல்லிவிடுங்கள். அது ஒட்டியிருக்கும் இடத்தில் பெயிண்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும்.

பழைய கார் பார்க்கப் போனால் டயர் பாலிஷ் இன்னொரு வேலையும் செய்துகொண்டிருக்கும்: வெடிப்புகளை மறைப்பது. ஈரத்துணியால் பக்கச்சுவரை அழுத்தித் துடைத்துவிட்டு, அதிலுள்ள நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்த டயர்.